மாடுலர் வீட்டைக் குடும்பத்துக்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பதும் மாற்றியமைப்பதும் எப்படி?

ஐந்து பேர் கொண்ட உங்கள் குடும்பத்துக்கு மாடுலர் வீடு வாங்கப் போவதாகவும், பார்த்த மாதிரி வீடு பிடித்துவிட்டதாகவும், ஆனால் அதில் எதை மாற்றச் சொல்வது, எதை அப்படியே விடுவது என்பதில் குழப்பம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று எங்கள் வீட்டிலும் ஐந்து பேர்தான். நாங்கள் மாடுலர் வீட்டுக்குக் குடிவந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டுகளில் நான் தெளிவாக உணர்ந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாற்றங்களுக்கென்று ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி, சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மறையப்போகிறவற்றுக்குப் போக வேண்டும். வண்ணம், தரை ஓடு, அலமாரிக் கதவு ஆகியவற்றைப் பத்து ஆண்டு கழித்தும் மாற்றிக்கொள்ளலாம். மூடிய சுவரைத் திறப்பது அவ்வளவு எளிதன்று.

நீங்கள் வாங்கப்போவது எந்த வகை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் பல வகைகளையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். சுவர், தரை, கூரை ஆகியவற்றைத் தனித்தனிப் பலகைகளாகக் கொண்டுவந்து மனையில் கூட்டுவது ஒரு வகை. பழைய சரக்குக் கன்டெய்னரை வீடாக்குவது இன்னொன்று. வயரிங், குழாய், கதவு, ஜன்னல் உட்பட அறைகளை முழுப் பெட்டிகளாகத் தொழிற்சாலையிலேயே கட்டி, லாரியில் ஏற்றிவந்து, கிரேனால் அஸ்திவாரத்தின்மேல் இறக்கிப் பொருத்துவதே மாடுலர் வீடு. கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர்தான், வெப்பக்காப்பும் உட்பலகையும் வைத்த பின் அது இன்னும் குறுகும். அதன் பலத்தில் நெளிதகட்டுச் சுவர்களுக்கும் பங்கு இருப்பதால், பெரிய ஜன்னலுக்காகச் சுவரை வெட்டினால் இரும்புச் சட்டம் கொடுத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வரைபடத்தைப் படிக்கும்போது அறைகளைப் பார்ப்பதற்கு முன் பெட்டிகளைப் பாருங்கள். சாலை வழியாகக் கொண்டுவர வேண்டியிருப்பதால் ஒரு பெட்டியின் அகலம் பெரும்பாலும் 3 முதல் 5 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதைவிட அகலமான கூடம் வேண்டுமென்றால், இரண்டு பெட்டிகளை ஒட்டிவைத்து நடுவில் உள்ள இணைப்புச் சுவரில் திறப்பு விட வேண்டும். திறப்பு அகல அகல, மேலே சுமை தாங்கும் உத்திரமும் கனத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு பெட்டியும் தன் சுவரோடு வருவதால் இணையும் இடத்தில் சுவர் இரட்டையாகிறது. மாடி இருந்தால், கீழ்ப்பெட்டியின் கூரையும் மேற்பெட்டியின் தரையும் சேர்ந்து தளமும் அப்படியே தடிக்கிறது. இதனால் கொஞ்சம் இடம் போனாலும் சத்தம் கடந்து வருவது குறைகிறது. அம்மாவின் அறையை இணைப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டதால், இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் போடும் ஆட்டம் அவர் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. சமையலறையும் குளியலறைகளும் ஒரே பெட்டிக்குள், அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்படி கேட்பதும் முக்கியம். இணைப்புக் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு குழாயையும் மனையில்தான் இணைக்கிறார்கள். பின்னாளில் ஒழுகக்கூடிய இடமாகவும் அதுவே ஆகலாம்.

பெட்டியைத் தாங்கி நிற்கும் சட்டம் மரமா, எஃகா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. மரத்தில் ஈரமும் கரையானும் கவலை தரும். எஃகு மரத்தைவிடப் பல நூறு மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால், வெளிப்புறத்தில் தொடர்ச்சியான வெப்பக்காப்பு இல்லாவிட்டால் சட்டம் இருக்கும் இடங்களில் வெப்பம் கடந்து, ஈரம் வியர்த்து நிற்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் குறைக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இனி, எதை மாற்றுவது என்பதற்கு வருகிறேன். இதற்கான விடை கேட்டலாக்கில் இல்லை. இப்போது நீங்கள் குடியிருக்கும் வீட்டில்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கூடத்தில் வைத்து, யார் எங்கே இடித்துக்கொள்கிறார்கள், எங்கே காத்து நிற்கிறார்கள், எந்தப் பொருள் வைக்க இடமில்லாமல் தரையில் கிடக்கிறது என்பதை அவ்வப்போது எழுதி வந்தோம். அம்மா இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும்போது விளக்கைப் போடாமல், வலது உள்ளங்கையைச் சுவரில் பதித்தபடியே நடக்கிறார் என்பதை என் மனைவிதான் கவனித்து எழுதினார். புதிய வீட்டில் அந்தச் சுவர் நெடுகத் திறந்த அலமாரி வைக்க நினைத்திருந்தோம். அந்த ஒரு வரியைப் படித்ததும் கைவிட்டோம். அதற்குப் பதிலாக, தரையிலிருந்து 80 முதல் 95 சென்டிமீட்டர் உயரத்தில் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் நீளவாக்கில் மரப்பலகை வைக்கச் சொன்னோம், ஏனெனில் ஜிப்சம் பலகையில் மட்டும் முடுக்கிய கைப்பிடி ஓர் ஆளின் எடையைத் தாங்காது. மூன்று ஆண்டுகள் கழித்து அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து வீடு திரும்பிய அன்று, அரை மணி நேரத்தில் கைப்பிடிகளைப் பொருத்திவிட்டோம். குளியலறைக் கதவையும், திறந்த பின் நடக்கக் கிடைக்கும் இடைவெளி 85 சென்டிமீட்டர் இருக்கும்படி அகலமாக்கியிருந்ததால் அவர் பிடித்து நடக்கும் நடைவண்டி தடையின்றி உள்ளே போனது.

பிள்ளைகளின் பெரிய அறையில் இரண்டு ஜன்னல்கள், இரண்டு விளக்குகள், இரண்டாவது கதவு வரவேண்டிய இடத்தில் சுவருக்குள் ஓர் உத்திரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினோம். நடுவே தடுப்பு வைத்தால் அது இரண்டு அறைகளாகிவிடும். இப்படி எதிர்கால மாற்றத்துக்கு இன்றே வழிவிடாமல், பெட்டிதானே, பிறகு கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள். டோக்கியோவில் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் எழுந்த நாகாகின் கேப்சூல் கோபுரத்தின் 140 பெட்டிகளையும் சுமார் 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதாகத் திட்டம் இருந்தது. அவை ஒருமுறைகூட மாற்றப்படாமலே பழுதடைந்து, 2022இல் கட்டடம் பிரிக்கப்பட்டது. எங்களுக்கும் ஒரு குறை உண்டு. கூரையிலிருந்து மின்பெட்டி வரை ஒரு காலிக் குழாய் விடச் சொல்ல மறந்துவிட்டோம். பிற்பாடு சூரியத்தகடு வைத்தபோது வயர்களை வெளிச்சுவரில் இறக்க நேர்ந்தது. அது இன்றும் என் கண்ணை உறுத்துகிறது.

இவை அனைத்தையும் தொழிற்சாலை குறிக்கும் நாளுக்குள் முடிவுசெய்ய வேண்டும். இறுதி வரைபடத்தில் கையெழுத்திட்டதும் பொருள்கள் வாங்கப்பட்டு, உங்கள் பெட்டிகள் உற்பத்தி வரிசையில் ஏறிவிடும்; அதன்பின் ஒரு பிளக் பாயிண்டை நகர்த்தச் சொல்வதுகூடத் தனிச் செலவாகும், தேதியும் தள்ளிப்போகும். சுவர்களை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்துத் தரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்யுங்கள். சுவர் மூடிய நிலையில் பெட்டி வந்து இறங்குவதால், குழாயும் வயரும் எங்கே ஓடுகின்றன என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தப் படங்கள்தான். நாங்கள் அலமாரி மாட்டும் ஒவ்வொரு முறையும் அவற்றைப் பார்த்த பிறகே துளை போடுகிறோம்.

மனையில் நடக்கும் வேலையில்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை வந்தது. பெட்டிகளைத் தொழிற்சாலையும், அஸ்திவாரத்தையும் இணைப்பையும் வேறொரு ஒப்பந்தக்காரரும் செய்தார்கள். முதல் மழையிலேயே கூரையின் இணைப்புக் கோட்டில் நீர் கசிந்து, கூடத்தின் நடுவே கை அகலத்துக்குப் பழுப்புக் கறை படர்ந்தது. பெட்டியின் அளவு சரியில்லை என்று ஒப்பந்தக்காரரும், அஸ்திவாரம் மட்டமாக இல்லை என்று தொழிற்சாலைக்காரர்களும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருக்க, நான்கு மாதம் வாளி வைத்துக் காலம் தள்ளினோம். கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது அஸ்திவாரத்தின் ஒரு மூலை 14 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. சாதாரண வீட்டில் கொத்தனார் பூச்சில் சரிக்கட்டிவிடும் அளவுதான் அது. தொழிற்சாலையில் துல்லியமாக அடித்த பெட்டி அப்படி வளைந்து கொடுக்காது. ஆகவே இணைப்புக் கோடு உட்பட முழு வீட்டுக்கும் ஒரே தரப்பு உத்தரவாதம் தரும்படி ஒப்பந்தம் போடுங்கள். பெட்டிகள் புறப்படுவதற்கு முன் அஸ்திவாரத்தின் மட்டத்தையும், இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்பதையும் உங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள்.

விலைப்பட்டியலில் அஸ்திவாரம், லாரி, கிரேன், அனுமதிக் கட்டணங்கள், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகள் ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீளமான லாரி திரும்ப இடமும், கிரேன் நிற்க உறுதியான தரையும் இருக்கின்றனவா, மேலே மின்கம்பி குறுக்கிடுகிறதா என்பதை நிறுவனத்தார் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாதிரி வீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கூடுதல் விலைக்குரியவை எல்லாம் அதில் இருக்கும். அதில் யாரும் குடியிருந்ததும் இல்லை. அந்த நிறுவனம் கட்டி ஐந்து ஆண்டாவது குடியிருக்கும் ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கதவு நிலைகளின் மேல்மூலைகளில் வெடிப்பு இருக்கிறதா, இணைப்புக் கோட்டில் தரை ஏறி இறங்குகிறதா, மாடியில் ஒருவர் நடந்தால் கீழே எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள்.

கையெழுத்திடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வரைபடத்தை ஒரு வெற்றிடத்தில் சுண்ணாம்புத்தூளால் முழு அளவில் வரைந்து, ஐந்து பேரும் அதற்குள் நடந்து பார்த்தோம். அம்மா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் கதவுகளாக நின்று கைகளை வீசித் திறந்து காட்டினார்கள். சமையலறைக் கதவும் குளிர்சாதனப் பெட்டியின் கதவும் ஒன்றோடொன்று இடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் காலை தொலைபேசியில் சொல்லிக் கதவை 40 சென்டிமீட்டர் நகர்த்தினோம். வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து வரைந்ததோடு வேலை முடிந்தது.