நண்பர் இடுப்பில் துப்பாக்கி: எச்-1பியில் இருப்பவர் அவரோடு ஹைக்கிங் போகலாமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாஷிங்டன் மாநிலம் ரெட்மண்டில் இருக்கிறேன். எனக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கு அதைச் சார்ந்த எச்-4. அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா பி-2 சுற்றுலா விசாவில் வருகிறார்கள். கூட வேலை பார்க்கும் அமெரிக்க நண்பர் ஹைக்கிங் வரும்போதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி இடுப்பில் கைத்துப்பாக்கி மாட்டிக்கொண்டு வருவார். கரடி இருக்கிற காடு, இது இங்கே சட்டப்படி சரிதான் என்கிறார். அவரோடு சேர்ந்து மவுண்ட் ரெய்னியர், அப்புறம் ஆரிகனில் மல்ட்னோமா அருவி போவதாகத் திட்டம். வண்டி என்னுடையது. எனக்கு ஏதாவது சிக்கல் வருமா? நானும் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?"

தாராளமாகக் கூடப் போங்கள். ஆனால் அந்தத் துப்பாக்கியை நீங்களோ, மனைவியோ, அப்பா அம்மாவோ தொடவே கூடாது. "கொஞ்சம் பிடி, ஷூ லேஸ் கட்டிக்கொள்கிறேன்" என்று நண்பர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

நம் ஊரில் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அதனால் நாம் முதலில் கேட்பது "அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" என்றுதான். வாஷிங்டனில் குடிமகன் ஒருவர் துப்பாக்கியை வெளியில் தெரியும்படி இடுப்பில் மாட்டிப் போக பெர்மிட் எதுவும் தேவையில்லை. ஆகவே அவர் சொன்னது அவருக்குச் சரி. உங்களுக்கான சட்டம் வேறு. அது காட்டையோ பூங்காவையோ பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டில் இருக்கிற விசாவைப் பார்க்கிறது.

கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்தில் 922(ஜி)(5) என்று ஒரு பிரிவு. குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம் என்று 1998-ல் இதில் சேர்த்தார்கள். எச்-1பி, எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1, கம்பெனி மாற்றலில் வருகிறவர்களுக்கான எல்-1, பி-2 எல்லாம் இதற்குள் வரும். கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டாயிற்று, வேலை அனுமதி தரும் இஏடி கார்டு கையில் வந்துவிட்டது என்பதால் நிலைமை மாறாது. கிரீன் கார்டு அனுமதி ஆகும் வரை தடை தடைதான்.

தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். 2022-க்கு முன் அது 10 ஆண்டாக இருந்தது. நம் ஆட்களுக்குச் சிறையைவிடப் பெரிய அடி அதற்குப் பின்னால் வருவது. இந்தப் பிரிவில் தண்டனை பெற்றால் குடிவரவுச் சட்டம் அதை 'அக்ரவேட்டட் ஃபெலனி' என்ற மிகக் கடுமையான வகையில் வைக்கிறது. அந்த வகையில் விழுந்தவருக்கு நாடு கடத்தலைத் தடுத்து நிறுத்தக்கூடிய வழிகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடம் காத்திருந்த குடும்பமாக இருந்தாலும் இதே கதிதான்.

'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்கி வைத்திருப்பது மட்டும் இல்லை. ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், போட்டோவுக்காகக் கையில் பிடிப்பதும், தோட்டா டப்பாவை உங்கள் பேக்கில் வாங்கி வைப்பதும் வைத்திருப்பதுதான். வார இறுதியில் டீமோடு ரேஞ்சுக்குப் போய் நாலு ரவுண்டு சுட்டு வந்ததாகச் சொல்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இப்படி ஒரு ரேஞ்சில்தான் தொடங்கியது. மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் ஃபுளோரிடாவில் தங்கியிருந்த ஒருவர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டிருந்தார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பதோடு, தன் குடிவரவு நிலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எச்-1பியில் இருப்பவருக்கு இது பெரிதாகக் கைகொடுக்காது. வருடா வருடம் தன் விசா பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர், அது என்னவென்று தெரியாது என எப்படிச் சொல்ல முடியும்?

நண்பர் ஆசையாக நீட்டும்போது மறுக்கச் சங்கடமாக இருந்தால் இதைச் சொல்லுங்கள்: தடை உள்ளவர் என்று தெரிந்தே ஒருவர் கையில் துப்பாக்கி கொடுப்பது கொடுத்தவருக்கும் கூட்டாட்சிக் குற்றம். பொறுப்பான துப்பாக்கிக்காரர் யாராக இருந்தாலும் உடனே புரிந்துகொள்வார்.

இனி வண்டி விஷயம். உங்கள் வண்டியில், உங்கள் கைக்கு எட்டுகிற க்ளவ் பாக்ஸில் அவர் துப்பாக்கி இருந்து போலீஸ் நிறுத்தினால், அது யார் வசம் இருந்தது என்ற கேள்வி உங்களையும் சுற்றும். கையில் பிடிக்காவிட்டாலும், எடுக்கிற வசதியும் எண்ணமும் உங்களுக்கு இருந்தன என்று காட்டினாலே வசம் வைத்திருந்ததாக வாதாடலாம். என் யோசனை, அன்றைக்கு அவர் தன் வண்டியில் தனியாக வரட்டும். ஒரே வண்டிதான் என்றால், தோட்டா இறக்கி, பூட்டிய பெட்டியில், டிக்கியில், சாவி அவர் பாக்கெட்டில். அருவி பார்க்க அவர் இறங்கிப் போகும்போது சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. இதே கணக்கு வீட்டுக்கும் உண்டு. கணவன் மனைவியில் ஒருவருக்குக் கிரீன் கார்டு வந்து, இன்னொருவர் விசாவிலேயே இருந்தால், துப்பாக்கி வைத்திருக்கும் பெட்டகத்தின் நம்பர் கிரீன் கார்டுக்காரருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, நண்பர் பக்கம். மலையில் கால் வைக்கிற இடம் யாருடையது என்பதுதான் இங்கே கணக்கு. ஐ-90 சாலையில் கிழக்கே போனால் மவுண்ட் சை மாநில இயற்கை வளத் துறையின் நிலம், ஸ்னோ லேக் தேசிய வனம். இரண்டிலும் துப்பாக்கி வைத்திருப்பதற்கு மாநிலச் சட்டம்தான் அடிப்படை. வாஷிங்டன் சட்டத்தில் ஹைக்கிங், கேம்பிங், மீன்பிடி, வேட்டை, குதிரை சவாரி போகிறவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளப் பொதுவாக சிபிஎல் என்கிற பெர்மிட் வேண்டும். இப்படி வெளியே பொழுதுபோக்கப் போகிறவர்களுக்கு அது வேண்டாம். ஆகவே குளிருக்கு ஜாக்கெட் போட்டு உறை மறைந்துவிட்டாலும், டிரெயிலில் இருக்கும் வரை அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் சூழ்நிலையைப் பார்த்தால் உண்மையிலேயே ஹைக்கிங் போகிறவர் என்று நியாயமாகத் தெரிய வேண்டும். திரும்பும் வழியில் மாலுக்குள் நுழைந்துவிட்டு இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இன்னொரு பிரிவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றவர்கள் பயப்படும்படியோ மிரட்டும்படியோ ஆயுதத்தைக் காட்டுவது வாஷிங்டனில் குற்றம். உறையில் சும்மா இருக்கிற துப்பாக்கி ஒன்று. பார்க்கிங் தகராறில் வார்த்தை தடிக்கும்போது அதன் மேல் கை வைப்பது வேறொன்று.

மவுண்ட் ரெய்னியர் தேசியப் பூங்கா. 2010 பிப்ரவரி 22 முதல் தேசியப் பூங்காக்களில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அந்தந்த மாநிலச் சட்டமே செல்லும் என்று ஆகிவிட்டது. அதனால் ரெய்னியர் டிரெயிலில் நண்பர் மாட்டிக்கொண்டு நடக்கலாம், ஆனால் சுட அனுமதியில்லை. பூங்காவுக்குள் பேரடைஸ் என்ற இடத்தில் இருக்கிற விசிட்டர் சென்டருக்குள் மாட்டிக்கொண்டு நுழையவும் கூடாது. அரசு ஊழியர்கள் வேலை பார்க்கும் கூட்டாட்சிக் கட்டடம் அது, வாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை. நடைமுறையில் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்று மணி நேரம் நடந்து களைத்து வந்து, பாத்ரூம் எங்கே என்று தேடி அப்படியே உள்ளே போய்விடுவார்கள்.

அப்பா அம்மா வந்தால் எப்படியும் சியாட்டிலில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகான பல்லார்ட் லாக்ஸுக்கு, சால்மன் மீன் படியேறுவதைக் காட்டக் கூட்டிப் போவீர்கள். பார்க்கப் பூங்கா மாதிரி இருந்தாலும் அந்த இடம் ராணுவப் பொறியாளர் படையின் கையில் இருக்கிறது. அவர்கள் நிலத்துக்குத் தனி விதி. வேட்டை, அனுமதி பெற்ற சுடுதளம், எழுத்து மூலமான அனுமதி போன்ற சில விலக்குகள் தவிர, தோட்டா ஏற்றிய துப்பாக்கி கூடாது. மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது அங்கே எடுபடாது. டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு லூயிஸ்வில், கிரேப்வைன் ஏரிகளும், அட்லாண்டாவில் லேனியர் ஏரியும் இதே படையின் நிர்வாகத்தில்தான் இருக்கின்றன. போட்டிங் போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறையப் பேர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மல்ட்னோமா அருவிக்குப் போக கொலம்பியா ஆற்றைத் தாண்டி ஆரிகனுக்குள் நுழைய வேண்டும். வாஷிங்டன் சிபிஎல் அங்கே செல்லாது. வேறு எந்த மாநிலத்துப் பெர்மிட்டையும் ஆரிகன் ஏற்பதில்லை. வெளியில் தெரியும்படி மாட்டிப் போக மாநில அளவில் தடையில்லை. ஆனால் தோட்டா ஏற்றியதைப் பொது இடத்தில் கொண்டு போவதை நகரங்கள் கட்டுப்படுத்தலாம். போர்ட்லேண்ட் அப்படிக் கட்டுப்படுத்தியிருக்கிறது. நீங்கள் போகிற வழியே போர்ட்லேண்ட் வழிதான். ஆகவே வாஷிங்டன் பக்கம் இருக்கிற வான்கூவர் நகரத்தில், பாலம் ஏறுவதற்கு முன்பே, தோட்டா இறக்கிப் பூட்டி டிக்கியில் வைத்துவிடச் சொல்லுங்கள். கனடாவில் இருக்கிற வான்கூவருக்கு என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். கைத்துப்பாக்கியோடு கனடா எல்லைக்குப் போய் நின்றால் துப்பாக்கியும் போகும், கைதும் நடக்கலாம்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இல்லினாயிலும் நியூயார்க்கிலும் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டு போக முடியாது. ஃபுளோரிடாவில் பல ஆண்டுகள் அது தடையாக இருந்தது, ஆனால் மீன்பிடிக்கவும் கேம்பிங்கும் போகிறவர்களுக்கு விலக்கு. அதைப் பயன்படுத்தித் தூண்டிலும் துப்பாக்கியுமாகக் கூட்டமாகக் கடற்பாலத்துக்குப் போனவர்களும் உண்டு. 2025 செப்டம்பரில் அந்தத் தடையே செல்லாது என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய தகவலை வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சரி, நீங்களே ஒன்று வாங்கலாமா? வழி இருக்கிறது, ஆனால் எளிதில்லை. காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் கூட்டாட்சித் தடையிலிருந்து விலக்கு கிடைக்கும். வாஷிங்டனில் 1972 ஜனவரி 1-க்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தால்தான் அந்த லைசென்ஸ் வாங்க முடியும். அதோடு, இங்கே வசிக்கும் விசாக்காரர்கள் கவுண்டி ஷெரிஃபிடம் (மாவட்டக் காவல் தலைவர் மாதிரி) வெளிநாட்டவருக்கான துப்பாக்கி லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் வேட்டை லைசென்ஸ் மார்ச் 31-ல் முடிந்துவிடும். ஏப்ரல் 1 காலையில் புதுப்பிக்காமல் வீட்டில் துப்பாக்கி இருந்தால் மறுபடி குற்றம். ஒரு தேதி தவறியதற்காகக் குடும்பமே ஊர் திரும்ப வேண்டிய நிலை வரலாம். கிரீன் கார்டு வரும் வரை பொறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அப்புறமும் கவனம் வேண்டும். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்த முடியும்.

கரடிக்குப் பயந்துதான் கேட்கிறீர்கள் என்றால் பேர் ஸ்ப்ரே, அதாவது கரடியை விரட்டும் மிளகாய்க் கார ஸ்ப்ரே வாங்குங்கள். அதற்கு விசா தடையில்லை. சுமார் 25, 30 அடி தூரம் பாயும். அதைப் பைக்குள் போட்டு வைத்தால் பயனில்லை, இடுப்பு பெல்ட்டிலோ தோள்பட்டையிலோ கைக்கு எட்டும்படி மாட்டிக்கொள்ள வேண்டும். டப்பாவில் இருக்கிற காலாவதித் தேதியையும் பாருங்கள். எல்லோஸ்டோனில் எடுத்துப்போகச் சொல்லிப் பூங்கா நிர்வாகமே வலியுறுத்துகிறது, யோசெமிட்டியில் அதற்குத் தடை. எந்தப் பூங்காவாக இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விமானத்தில் கைப்பையிலும் செக்-இன் பெட்டியிலும் அனுமதி கிடையாது. எல்லோஸ்டோனுக்குப் பறந்து போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் வாடகைக்கே கிடைக்கும்.