சின்ன ஊர்த் தமிழ்ப்பள்ளிகள்: பினாங்கு வாசகர்களுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் பதில்கள்

கேள்வி (நிபோங் திபால்): ஐயா, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மொத்தமே முப்பது பிள்ளைகள்தான். மகளை பட்டர்வொர்த்தில் பெரிய பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: அம்மா, 150 பேருக்குக் கீழே போனால் அரசாங்கக் கணக்கில் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, குடும்பங்கள் பிறை, பட்டர்வொர்த் தொழிற்சாலைப் பக்கம் குடியேறியதால் வந்த நிலை அது. ஆசிரியர் சரியில்லை என்று அர்த்தமில்லை. ஆறு பேர் இருக்கும் வகுப்பில், ஏழாம் வாய்ப்பாட்டில் எந்தப் பிள்ளை தடுமாறுகிறது என்று ஆசிரியருக்கு அன்றைக்கே தெரியும். நாற்பது பேரில் அது கஷ்டம். குறையும் உண்டு: எண்ணிக்கை ரொம்பக் குறைந்தால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைப்பார்கள். நேரில் போய், இணைந்த வகுப்பு உண்டா, மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் யார் ஆசிரியர் என்று கேளுங்கள். விடியுமுன் வேன் ஏறும் ஏழு வயதுப் பிள்ளை பத்து மணிக்கே தூங்கி வழியும் என்பதையும் யோசியுங்கள்.

முதலாம் ஆண்டுப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர் கொடுத்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் ஒதுக்கீடு.

கேள்வி (சுங்கை பக்காப்): எங்கள் பள்ளியின் தேர்ச்சி 80 விழுக்காடுதான். பக்கத்து ஊரில் அதிகம்.

பதில்: எத்தனை பேர் எழுதினார்கள்? ஐந்து பேரில் ஒருவன் தவறினாலே 80. நூறு பேர் எழுதும் பள்ளியில் அதே 80 வர இருபது பேர் தவற வேண்டும். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே எடுக்கப்பட்டுவிட்டது, பழைய விழுக்காட்டை இன்னும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். பிள்ளையின் வகுப்பறை மதிப்பீட்டைப் பாருங்கள்.

கேள்வி (பிறை): ஆள் இல்லாத பள்ளிகளை மூடிவிட்டால் பணமாவது மிச்சமாகுமே?

பதில்: தம்பி, மூடிய பள்ளி திரும்ப வராது. புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி வாங்குவது எவ்வளவு கடினம் என்று அலைந்தவர்களுக்குத் தெரியும். கையில் இருக்கும் உரிமத்தைத் தமிழர்கள் குடியிருக்கும் வீடமைப்புப் பகுதிக்கு மாற்றலாம். நான் சொல்வது அதைத்தான்.

கேள்வி (ஜாவி): அப்படியானால் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளைகள்? மாற்றுவதும் மூடுவதும் அவர்களுக்கு ஒன்றுதானே?

பதில்: நியாயமான கேள்வி. இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பேருந்து உண்டு, கட்டணம் இன்னார் பொறுப்பு என்று எழுத்தில் வராமல் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சம்மதிக்கவே கூடாது. வாய்வாக்கை நம்பாதீர்கள். பிறைத் தம்பிக்கும் இதே பதில்: மிச்சமாகும் பணத்தைப் பேசுமுன், பஸ் காசு யார் தருவார் என்று சொல்லுங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): எந்தப் பள்ளியில் தேர்ச்சி அதிகம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பதிவு செய்தாயிற்றா?

கேள்வி: மகனுக்குப் பேச்சு தாமதம். எந்தப் பள்ளி?

பதில்: அது என் துறை இல்லை. முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சிறப்புக் கல்வி பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: இடைநிலைப்பள்ளியில் தமிழ் கிடைக்குமா?

பதில்: குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், நடைமுறையில் முடியுமானால், தேசிய இடைநிலைப்பள்ளி தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்கிறது 1996 கல்விச் சட்டம். கையெழுத்து வாங்கிக் கடிதமாகக் கொடுங்கள்.