முதன்முறையாகச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கும் பெரியவர்களுக்கு இணையவழிப் படிப்பு போதுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. திருகோணமலையில் வசிக்கிறேன்; இதுவரை எந்த வாகனமும் ஓட்டியதில்லை. டெக்சாஸில் இருக்கும் உறவினர் ஒருவர் இணையவழி வகுப்பில் படித்தே அனுமதிப்பத்திரம் எடுத்ததாகச் சொல்கிறார். இங்கும் அப்படி எடுக்கலாமா?

பதில்: உங்கள் உறவினர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் அது டெக்சாஸ் மாநிலத்துக்கு மட்டுமே உரிய ஏற்பாடு. அங்கே 18 முதல் 24 வயது வரையுள்ள ஒருவர் முதன்முறையாக அனுமதிப்பத்திரம் எடுப்பதாயின் ஆறு மணித்தியாலச் சாரதிக் கல்விப் பாடநெறியை முடித்தே ஆக வேண்டும். 25 வயதைத் தொட்டவர்களுக்கு அது கட்டாயமில்லை, விரும்பினால் படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் அதை இணையத்தில் நடத்துகின்றன. அதன் இறுதித் தேர்வில் சித்தியடைந்தவர் அலுவலகத்தில் தனியாக எழுத்துப் பரீட்சை எழுத வேண்டியதில்லை. ஆயினும் வாகனத்தை ஓட்டிக் காட்ட வேண்டிய பரீட்சையை அந்தப் பாடநெறி நீக்கிவிடுவதில்லை.

இலங்கையில் மருத்துவச் சான்றிதழ் பெற்று, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துப் பரீட்சைக்கு நேரில் தோற்றி, பயிலுநர் அனுமதிப்பத்திரத்துடன் வீதியில் பழகி, அதன் பின்னரே செய்முறைப் பரீட்சைக்குப் போக வேண்டும். எழுத்துப் பரீட்சையில் 40 பல்தேர்வு வினாக்கள் இருக்கும், தமிழிலேயே எழுதலாம். ஆகவே இங்கே இணையப் படிப்பு எந்தப் பரீட்சைக்கும் ஈடாகாது. அதனால் அது பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். நாற்பதைத் தாண்டிய பிறகு ஓட்டப் பழகியவள் என்ற முறையிலும், அதன் பின் என் தங்கைக்கும் அயலில் உள்ள சில பெண்களுக்கும் படிக்க உதவியவள் என்ற முறையிலும், எங்களைப் போன்றவர்களுக்கு அது மிகவும் பொருத்தமானது என்றே நம்புகிறேன். வேலையும் சமையலும் பிள்ளைகளின் பாடமும் முடிந்த பிறகு கிடைக்கும் அரை மணித்தியாலத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே கூச்சப்பட்டு உட்காராமல், விளங்காத இடத்தை எத்தனை முறையும் திரும்பப் பார்க்க முடிகிறது.

ஆனால் எதைப் பார்க்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். தமிழில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகள். அங்கும் வாகனங்கள் இடப்பக்கமாகவே செல்வதால் நமக்கு அவை சரியாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே எச்சரிக்கைக் குறியீடுகள் சிவப்பு ஓரமிட்ட முக்கோணங்களில் வருகின்றன, நம் நாட்டிலோ அவை கறுப்பு ஓரமிட்ட மஞ்சள் சாய்சதுரங்கள். முக்கோணத்தை மனதில் பதித்துக்கொண்டு பரீட்சைக்குப் போனவர் தெரிந்த வினாவிலும் தடுமாறுவார். அமெரிக்கப் பாடங்கள் இன்னும் ஆபத்தானவை. அங்கே வலப்பக்கமாக ஓட்டுகிறார்கள், பல இடங்களில் சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பவும் அனுமதி உண்டு. ஆகவே இலங்கைக்கென எழுதப்பட்ட வீதி ஒழுங்குப் புத்தகத்தையும் மாதிரி வினாக்களையும் முதலில் முடியுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

பெரியவர்களுக்கு விதியை மனப்பாடம் செய்வதைவிட அதன் காரணம் தெரிந்தால்தான் மனதில் நிற்கும். வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கில் படுவதற்கே ஒரு செக்கன் போகிறது, பிடித்த பிறகு உலர்ந்த வீதியில் நிற்க இன்னுமொரு 14 மீற்றர் வேண்டும். அதுவே 70 கிலோமீற்றர் என்றால் முதற் செக்கனுக்கு 19 மீற்றரும் நிற்பதற்கு 27 மீற்றரும் ஆகின்றன. அதாவது 28 மீற்றரில் நின்றிருக்க வேண்டிய வாகனம் 46 மீற்றர் வரை போகிறது. மழை என்றால் இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் படித்த அன்றே பிரெட்ரிக் கோட்டை வாசலடியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நிறுத்திவைத்த வான்களுக்கு நடுவிலிருந்து ஒரு மான் தலையை நீட்டும், வீதியைக் கடக்கும், ஓட்டுபவர் அது போய்விட்டது என்று வேகத்தைக் கூட்டும் வேளையில் அதன் பின்னால் குட்டி இறங்கும். ஒன்று கடந்தால் இன்னொன்று வரும் என்று எதிர்பார்க்கும் பழக்கம் வீதியோரத்தில் நின்றுதான் வரும். நிலாவெளி வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கும், சமிக்ஞை காட்டாமல் ஓரங்கட்டும் முச்சக்கர வண்டிகளுக்கும், இரவில் கந்தளாய் கடந்து ஹபரணைப் பக்கம் போகையில் குறுக்கிடும் யானைகளுக்கும் இது பொருந்தும்.

கால் பழகுவது வேறு விடயம். கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை எந்தக் காணொளியும் சொல்லித்தர முடியாது. உவர்மலை ஏற்றத்தில் பின்னால் ஒரு பேருந்து நிற்கும்போது வாகனத்தைப் பின்வாங்க விடாமல் எடுப்பது பக்கத்தில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தால்தான் வரும். அதற்குப் பயிற்சியாளரைத் தேடும்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். பரீட்சைக்குரிய பாதையிலேயே சுற்றிச்சுற்றி ஓட்டவைப்பாரா, அல்லது பாடசாலை விடும் நேரத்தில் நகருக்குள்ளும், மழை பெய்யும்போதும், பொழுதுபட்ட பிறகும் கூட்டிச்செல்வாரா என்று கேளுங்கள். இரண்டாவதற்குச் சம்மதிப்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் சேருங்கள். வீதிக் குறியீடுகளையும் முன்னுரிமை விதிகளையும் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டு அவரிடம் போனால், காசு கொடுத்து வாங்கிய நேரம் முழுவதும் ஓட்டுவதற்கே கிடைக்கும்.