தெருவிலிருந்து எடுத்த வீடு, சிலை, சுவரோவியப் படங்களைப் புத்தகத்தில் போட அனுமதி வேண்டுமா?

இந்தியாவில் என்றால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52ஐப் பாருங்கள். கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையும் அப்படியே. மெரினா உழைப்பாளர் சிலையைத் தாராளமாகப் போடலாம்.

சிக்கல் சுவரோவியத்தில்தான். அந்த விலக்கு சிலைகளையும் கைவினைக் கலைப்பொருட்களையும் மட்டுமே சொல்கிறது, ஓவியத்தைச் சொல்லவில்லை. சென்னை கண்ணகி நகரின் ஓவியச் சுவர்கள் எல்லார் கண்ணிலும் படுகின்றனதான். ஆனால் படம் முழுக்க ஓவியமே என்றால் ஓவியரிடம் கேளுங்கள். தெருக்காட்சியில் பின்னணியாக மட்டும் வந்தால் சிக்கல் குறைவு. ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளுக்கு உண்டு. ஓவியத்தை விலைகொடுத்து வாங்கியவர் சரி என்றால் போதுமா? போதாது. உரிமையை எழுத்துப்பூர்வமாக மாற்றித் தந்தால்தான் அது அவருக்குப் போகும்.

தனியார் வளாகத்துக்குள் போய் எடுத்தால் கதை வேறு. அங்கே உரிமையாளர் வைத்ததுதான் நிபந்தனை. அனுமதி வாங்கும்போது எந்தப் படம், எந்தப் பதிப்பு, மின்னூலும் சேர்த்தியா, அட்டையிலும் வருமா என்று எழுதி வாங்குங்கள். அட்டையை மறந்துவிட்டு அப்புறம் அலைபவர்கள்தான் அதிகம்.