ஐந்து பேரின் பின்னால் ஒரு கமரா

அன்புள்ள அண்ணா,
பெல்ஜிய இயக்குநர்களான டார்டென் சகோதரர்களின் புதிய படத்துக்குக் காத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களின் இரண்டு படங்களைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு பெண் வேலைக்காக அலைகிறாள், பின்னணி இசைகூட இல்லை. இவர்களிடம் புதிதாக என்னத்தை எதிர்பார்க்கிறீர்கள்?
ஒரு வாசகி, விசுவமடு

அன்புள்ள தங்கைக்கு,

உண்மைதான். அந்தச் சகோதரர்கள் ஜோன்-பியரும் லூக்கும் பெல்ஜியத்தில் செராங் என்ற ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அதிகம் நகர்வதில்லை. உருக்காலைகளால் வாழ்ந்து, அவை மூடப்பட நொடிந்துபோன ஊர். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர் ஞாபகம் வரும்.

அவர்களின் 'ரொசெட்டா' படத்தை (1999) மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில் நண்பனின் மடிக்கணினியில் பார்த்தேன். கரவனில் (வண்டி வீட்டில்) வசிக்கும் அந்தப் பிள்ளை சேற்றுக்கென்று ஒரு சோடிச் சப்பாத்தை ஒளித்துவைத்திருப்பாள், வேலைக்கு வேறு சோடி. கமரா அவள் பிடரிக்குப் பின்னாலேயே ஓடும். முடிவதற்குள் பற்றரி தீர்ந்துவிட்டது. பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா மறுநாள் காலை கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைச்சதோ?"

சரி, புதிதாக என்ன? வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, கதை நடக்கும் ஒழுங்கிலேயே காட்சிகளை எடுப்பவர்கள் அவர்கள். அதனால்தான் ஒரு முகத்தில் களைப்பு ஏற ஏற நமக்கும் மூச்சு வாங்குகிறது. இதுவரை பெரும்பாலும் ஒருவரை, மிஞ்சினால் இருவரைத்தான் பின்தொடர்ந்தார்கள். 2025 கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது பெற்ற, நான் காத்திருக்கும் 'இளம் தாய்மார்' படத்திலோ ஐந்து பேர். தாய்மார் இல்லமொன்றில், கையில் குழந்தையோடும் வயிற்றில் குழந்தையோடும். ஐந்து பேரின் பின்னாலும் அந்தக் கமரா எப்படி ஓடப்போகிறது? ஒருத்தியோடு நிற்கும்போது மற்ற நாலு பேரின் மேலான பதைப்பு நமக்குள் இருக்குமா?

எழுதும்போது நான் திணறும் இடமும் இதுதான். போருக்குப் பிறகு தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதத் தொடங்கினால், அவளே வன்னிப் பெண்கள் எல்லோருக்குமான அடையாளமாகிவிடுகிறாள். வேலிக்கு அந்தப்பக்கம் இருப்பவளின் கதை முற்றிலும் வேறு. அவளுக்கு என் எழுத்தில் இடம் கிடைப்பதில்லை. இரண்டு முறை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். எழுபது வயதைத் தாண்டிய இருவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்றால், நான் காத்திருக்கத்தானே வேண்டும்.

படம் கைக்கு வந்ததும் எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கம் வர முடிந்தால் சேர்ந்து பார்க்கலாம். உங்கள் அம்மாவையும் கூட்டி வாருங்கள், என் அம்மாவும் இருப்பார்.