போர்ஷியா யாருடைய வழியை மறித்தார்?

கேள்வி: நியூசிலாந்து ரக்பி வீராங்கனை போர்ஷியா வுட்மன்-விக்லிஃப் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கையோடு ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே, 34 வயதில், உலகக் கோப்பை ஆட வந்துவிட்டார். இளைய பெண்களுக்கு வழிவிட வேண்டாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: யாருடைய வழியை மறித்தார்? 2025-இல் இங்கிலாந்தில் நடந்த, அணிக்கு 15 பேர் ஆடும் அந்த உலகக் கோப்பையிலேயே அதிகமாக, 11 ட்ரை வைத்தவர் பிராக்ஸ்டன் சோரென்சன்-மெக்கீ. வயது 18. அவரும் போர்ஷியாவின் அணிதான். (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் ஒரு ட்ரை, 5 புள்ளி.)

போர்ஷியாவுக்குத்தான் வழி தாமதமாகக் கிடைத்தது. அப்பா, பெரிய அளவில் ரக்பி ஆடியவர். சித்தப்பா, பெரியப்பா வகையிலும் அப்படித்தான். வீட்டில் ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து ஆண்கள் ரக்பி அணி) சீருடையே இருந்தது. ஆனாலும் பெண் முதலில் போனது கூடைப்பந்து மாதிரியான நெட்பாலுக்கு. ஒலிம்பிக்கில் ஏழு பேர் ஆடும் ரக்பி சேர்க்கப்படும் என்று 2009-இல் முடிவானது. அப்புறம் 2012-இல்தான் நியூசிலாந்து மற்ற விளையாட்டுகளில் இருந்த பெண்களைக் கூப்பிட்டுத் தேர்வு வைத்தது. அதில் வந்தவர் இவர்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. 2017 உலகக் கோப்பையில் ஹாங்காங்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 8 ட்ரை. ஏழு பேர் ஆடும் ரக்பியான செவன்ஸின் உலகத் தொடரில் 200 ட்ரையைத் தொட்ட முதல் பெண். 2018-இல் குதிகால் தசைநார் அறுந்தது. மாதக்கணக்கில் ஓட முடியாமல் கிடந்து, மீண்டு வந்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரு தங்கம், பாரிஸில் ஒரு தங்கம்.

நடுவில் 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இங்கிலாந்துக்கு எதிராக. ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் 42,579 பேர். 18-ஆவது நிமிடத்தில் இங்கிலாந்து வீராங்கனை தடுக்க வந்தபோது தலையோடு தலை மோதியது. மோதியவருக்குச் சிவப்பு அட்டை. போர்ஷியா திரும்ப ஆட வரவில்லை. 34-31 என்று நியூசிலாந்து ஜெயித்தது. சொந்த மண்ணில் நடந்த இறுதி ஆட்டம் அவருக்கு அந்த 18 நிமிடங்களோடு சரி. இன்னொரு உலகக் கோப்பை ஆட ஆசைப்பட்டதை நான் குறையாகவே பார்க்க மாட்டேன். அணியில் இடமும் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல, ஆடித்தான் பிடித்தார்.

இளையவர்களுக்காக நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் கேள்வி போக வேண்டிய இடம் வேறு. ஆண்கள் ரக்பி 1995-இலேயே சம்பள ஆட்டமாகிவிட்டது. நியூசிலாந்துப் பெண்களின் 15 பேர் அணிக்கு ஒப்பந்தச் சம்பளம் வந்தது 2018-இல். அதற்குள் அவர்கள் ஐந்து உலகக் கோப்பைகளை வென்றிருந்தார்கள்! 2017-இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஃபியாவோ ஃபாமௌசிலி, காவல்துறையில் துப்பறியும் அதிகாரி. இப்படி வேலைக்கும் பயிற்சிக்கும் நடுவில் அல்லாட முடியாமல் எத்தனை பேர் இருபத்தைந்து வயதிலேயே விட்டுப் போயிருப்பார்கள்?

நிலைமை முழுக்க மாறிவிடவும் இல்லை. 2025 அரையிறுதியில் போர்ஷியாவின் அணியைத் தோற்கடித்தது கனடா. அந்தக் கனடா அணியின் தயாரிப்புச் செலவுக்குப் பணம் போதாமல், 10 லட்சம் கனடிய டாலர் கேட்டுப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். உலகக் கோப்பை இறுதி வரை போகும் தரமுள்ள பெண்களுக்கு, அந்தப் பணத்தை முன்கூட்டியே ஏன் ஒதுக்கி வைக்கவில்லை என்று ரக்பி சங்கங்களைக் கேளுங்கள்.