நிழலை வைத்துப் பூமியை அளந்த கணக்கு: கேள்வி பதில்

சார், எரட்டோஸ்தனீஸ் பூமியை அளந்த கணக்கை ஒரு தடவை முழுசா சொல்லுங்க. பாடப்புத்தகத்துல படம் மட்டும்தான் இருக்கு.

அவர் கி.மு. 3-ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர். அவர் எழுதிய நூல் அழிந்துவிட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து கிளியோமீடிஸ் என்பவர் எழுதிவைத்த சுருக்கம்தான் நமக்கு முக்கிய ஆதாரம்.

எகிப்தின் தெற்கே சையீனி (இன்றைய அஸ்வான்). ஆண்டின் மிக நீண்ட பகல் நாளில், உச்சிவேளையில் அங்கே நட்ட கோலுக்கு நிழல் விழாது. அதே நாள் உச்சியில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அதன் கோணம் முழு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. சூரியன் வெகு தொலைவில் இருப்பதால் கதிர்கள் இணையாக வருவதாகக் கொள்ளலாம். அப்போது நிழலின் கோணமும், பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் தாங்கும் கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள், ஆகவே சமம். ஊர்களுக்கு இடையே 5,000 ஸ்டேடியா (அன்றைய கிரேக்க நீள அலகு; ஒருமையில் ஸ்டேடியம்). 50 × 5,000 = 2,50,000 ஸ்டேடியா. இதுதான் சுற்றளவு.

முக்கோணவியல் அட்டவணையே இல்லாத காலத்தில் 1/50 என்று எப்படிச் சொன்னார்?

கருவி அப்படி. தரையில் நட்ட கோல் இல்லை; அரைக்கோளமாகக் குடைந்த கிண்ணம். அதன் அடியிலிருந்து நிற்கும் முள்ளின் நுனி, கோளத்தின் மையத்தில் சரியாக இருக்கும். அதனால் நிழல் கிண்ணத்தின் உட்சுவரில் வில்லாக விழும். அந்த வில் முழு வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்தால் போதும், கோணம் கையில். முள்ளின் நுனி மையத்திலிருந்து விலகியிருந்தாலோ, கிண்ணம் மட்டமாக இல்லாவிட்டாலோ விடை கெட்டுவிடும். கவனம் முழுக்க அங்கேதான் போக வேண்டும்.

ரெண்டு ஊர்லயும் ஒரே நொடியில பாக்கணுமே? போன் இல்லாம எப்படி?

ஒரே நொடி தேவையே இல்லை. அந்தந்த ஊரின் உச்சிவேளை போதும். நிழல் மிகக் குறுகும் கணம் அது. அலெக்சாந்திரியாவில் உச்சி, அஸ்வானுக்குச் சுமார் 12 நிமிடம் கழித்து வரும். அதனால் கணக்குக்கு ஒரு பழுதும் இல்லை. நாள்கூட ஓரிரண்டு தவறினாலும் பரவாயில்லை: நீண்ட பகல் நாளையொட்டி 5 நாள் முன்பின் போனாலும் சூரியனின் உச்சி உயரம் பத்தில் ஒரு பாகைகூட மாறாது. அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் பெரிய வசதி இது.

கிணற்றுக்குள் சூரியனைப் பார்த்தார் என்று படித்தேனே?

கிணறு ரோமானிய எழுத்தாளர் பிளினி, கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுத்துகளில் வருகிறது. கிளியோமீடிஸ் தரும் கணக்கில் கிணறு இல்லை, நிழற்கோல்தான். நிழலில்லாத பகுதி 300 ஸ்டேடியா குறுக்களவு கொண்டது என்றும் அவர் சொல்கிறார். ஒரு கிணற்றை விட இந்தத் தகவல்தான் எனக்கு அருமையாகப் படுகிறது. "நிழல் இல்லை" என்பது எவ்வளவு மழுங்கலான அளவு என்பதை அவர்களே அறிந்திருந்தார்கள்.

ஒரு சதவீதம்கூடப் பிழை இல்லை என்கிறார்களே, உண்மையா?

அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். ஸ்டேடியம் எத்தனை மீட்டர் என்று முடிவாகாமல் சதவீதம் பேச முடியாது. 157.5 மீட்டர் என்று வைத்தால் 39,375 கி.மீ.; 185 மீட்டர் என்று வைத்தால் 46,250 கி.மீ. துருவங்கள் வழியாக உண்மைச் சுற்றளவு சுமார் 40,008 கி.மீ. விடைக்குத் தோதாக அலகைத் தேர்ந்தெடுத்துவிட்டு "பார், எவ்வளவு துல்லியம்" என்று வியப்பது சரியான வழி அல்ல.

2,52,000 என்ற எண்ணும் அவர் பெயரில் உண்டு. அது 60-ஆல் மீதியின்றி வகுபடும்; பாகைக்கு 700 ஸ்டேடியா என்று கச்சிதமாக வரும்.

அப்படியானால் பிழைகள் எங்கே?

மூன்று இடம். முதலாவது, நீண்ட பகல் நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது கடக ரேகைமேல்தான்; அஸ்வான் அதன்மேல் இல்லை. அன்றைய கடக ரேகை ஏறக்குறைய 23 பாகை 43 கலை (60 கலை ஒரு பாகை). அஸ்வான் 24 பாகை 5 கலை. ஆக ஒரு மீட்டர் கோலுக்கு 6 மி.மீ. நிழல் விழுந்தே இருக்கும்.

இரண்டாவது, ஊர்கள் ஒரே தீர்க்கரேகையில் இல்லை. அஸ்வான் 3 பாகை கிழக்கே. நேர்த்தூரம் சுமார் 840 கி.மீ.; வடக்கு-தெற்காக மட்டும் எடுத்தால் சுமார் 790. கணக்குக்கு வேண்டியது பின்னது.

மூன்றாவது, சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலத் தட்டு. கருநிழலின் (சூரியன் முழுதும் மறைந்த இருண்ட பகுதியின்) விளிம்பைப் படித்தால் சூரியனின் மேல்விளிம்பை அளக்கிறோம். கோணம் 16 கலை குறையும். அலெக்சாந்திரியாவில் உண்மைக் கோணம் 7 பாகை 29 கலை. 16 கலை கழித்தால் 7 பாகை 13 கலை. அவர் எடுத்தது 7 பாகை 12 கலை! இதையே நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது, 1/50 முழுமையாக்கிய எண்ணாகவும் இருக்கலாம். ஆனாலும் நிழல் அளக்கும் எவரும் மனதில் வைக்க வேண்டிய விஷயம்.

இதை வைத்துப் பூமி உருண்டை என்று நிரூபித்தார் அல்லவா?

இல்லை. உருண்டை என்பதை முன்னமே ஏற்றுக்கொண்டுதான் கணக்கே தொடங்குகிறது. பூமி தட்டை என்று வைத்து அதே இரண்டு நிழலைப் போட்டால், சூரியன் சுமார் 40,000 ஸ்டேடியா உயரத்தில் இருப்பதாக விடை வரும். இரண்டு ஊர்களால் இதைப் பிரித்தறிய முடியாது. மூன்றாவது ஊர் வேண்டும். உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் ஏற்கெனவே காரணம் சொல்லியிருந்தார்: சந்திர கிரகணத்தில் விழும் நிழல் எப்போதும் வளைவானது, எகிப்தில் தெரியும் சில நட்சத்திரங்கள் வடக்கே போனால் தெரிவதில்லை.

நட்சத்திரத்தை வைத்து யாராவது அளந்தார்களா?

பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர், கி.மு. 1-ம் நூற்றாண்டு. அவர் எடுத்தது கானோபஸ், நாம் அகத்திய நட்சத்திரம் என்போமே, அதுதான். ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தைத் தொட்டு மறைகிறது, அலெக்சாந்திரியாவில் வட்டத்தின் 1/48 பங்கு (7.5 பாகை) உயர்கிறது என்றார். தூரம் 5,000 ஸ்டேடியா, விடை 2,40,000.

உண்மையில் அட்சரேகை வித்தியாசம் 5 பாகை 14 கலைதான். அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தை நம்பியதே கோளாறு: அங்கே புழுதியும் ஈரமும் மறைக்கும், காற்று ஒளியை வளைத்து அரைப் பாகை தூக்கியும் காட்டும். கோணமும் கூடுதல், தூரமும் கூடுதல், ஒன்றையொன்று ஈடுகட்டின. எரட்டோஸ்தனீஸ் அந்தத் தூரத்தை 3,750 ஸ்டேடியா என்றார். தூரத்தை மட்டும் அப்படித் திருத்தி, கோணத்தை விட்டுவிட்டால் 48 × 3,750 = 1,80,000. ஸ்ட்ராபோ பொசிடோனியஸ் பெயரில் தரும் எண் இதுவே. பாகைக்கு 500 ஸ்டேடியா என்று பிற்கால வானியலாளர் தாலமியும் அதையே கொண்டார். பூமி கால்வாசி சுருங்கிப்போனது.

நாங்க பள்ளியில செஞ்சு பாக்கலாமா? எந்த ஊர்கள் எடுக்கலாம்?

தாராளமாக. பெங்களூரும் கன்னியாகுமரியும் எடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகை, 77.6 பாகை கிழக்கு. வடக்கு-தெற்குத் தூரம் சுமார் 540 கி.மீ.; சாலைத் தூரத்தைப் போடாதீர்கள். செப்டம்பர் 22, 23 வாக்கில் ஒரு மீட்டர் கோலுக்குப் பெங்களூரில் ஏறக்குறைய 23 செ.மீ., கன்னியாகுமரியில் 14 செ.மீ. நிழல் வரும். நிழல் ÷ கோல் நீளம், அதற்கு எதிர்-டான்ஜென்ட். சுமார் 13 பாகை, 8.1 பாகை. வித்தியாசம் 4.9. பிறகு 360 ÷ 4.9 × 540.

கோலைத் தூக்குக்குண்டு வைத்து நிறுத்துங்கள், பலகையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கடிகாரத்தின் 12 மணி உச்சிவேளை அல்ல. முன்பின் அரைமணி நேரம், 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, மிகக் குறுகிய நிழலை எடுங்கள். நிழல் நுனி ஒரு செ.மீ. அளவுக்கு மங்கலாக இருக்கும். இரு ஊரிலும் மங்கலின் நடுவையே குறியுங்கள். ஓர் ஊரில் 2 மி.மீ. தவறினாலே விடையில் சுமார் 900 கி.மீ. போகும்.

ஏப்ரல்ல செஞ்சா?

ஏப்ரல் நடுவில் சூரியன் இரண்டு ஊருக்கும் இடையே உச்சியில் இருக்கும். கன்னியாகுமரியில் நிழல் தெற்கே விழும், பெங்களூரில் வடக்கே. அப்போது கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். நிழலின் திசையையும் எழுதிவையுங்கள்.